அகஸ்தியா இறங்கு!

7 ஜூன் 2025, சனி

மாமாவோடு வடசென்னை டி.எச். ரோடில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பஸ் பயணம். கண்டக்டர் "அகஸ்தியா இறங்கு, அகஸ்தியா" என்று குரல் கொடுத்தார். நாலு பேர் இறங்கினார்கள். தியேட்டர் கதவு மூடி ஐந்து வருஷம் ஆகப்போகிறது. 1967-இல் திறந்தது, கொரோனா ஊரடங்கில் பூட்டியது பூட்டியதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் 'மகாராணி' என்று தியேட்டர் பேரைச் சொன்னால் இன்றும் ஷேர் ஆட்டோ நிற்கிறது. மெட்ரோவில் போனால் இந்தப் பேரெல்லாம் காதில் விழாது. ஏசி உண்டு, ஊர் இல்லை.

14 ஜூன், சனி

இன்று மின்ட், அதாவது தங்கசாலை. கினிமா சென்ட்ரல் தியேட்டர் இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் பிடிவாதம். மாமாவுக்கு அது 'முருகன் டாக்கீஸ்'. வேறு பேர் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று அங்கேதான் வெளியானது. படம் எடுத்தது பம்பாயில். ரீல் பெட்டி வந்து இறங்கியதும் வால்டாக்ஸ் ரோடில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம்; பூ தூவி, தேங்காய் உடைத்து, சாமி புறப்பாடு மாதிரி. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். இதை மாமாவிடம் பெரிய அதிசயமாகச் சொன்னேன்.

"இதுல என்னடா இருக்கு? மின்ட்ல இன்னைக்கும் அப்படித்தானே பேசிக்கிறாங்க. நடுவுல சேட்டு வேற இந்தில வெல சொல்வாரு."

சரிதான். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றதற்கு மட்டும் கொஞ்சநேரம் பேசாமல் நடந்தார்.

15 ஜூன், ஞாயிறு

மாமாவுக்கு முட்டிவலி. நேற்று நடக்கவைத்தது நான்தான் என்று அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரம்பூர் பிருந்தாவைப் பார்க்கும் திட்டம் ரத்து. 1985-இல் ரஜினி வந்து திறந்த தியேட்டர் அது. இந்த வருஷம் அதையும் மூடிவிட்டார்கள், இனி போய் எதைப் பார்ப்பது என்றும் தோன்றியது.

22 ஜூன், ஞாயிறு

மத்தியானம் டிவியில் ஒரு அடிதடிப் படம். மாமா பாதித் தூக்கத்தில் இருந்தார். கோடவுன் சண்டை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம மில்லுடா!"

பின்னி மில். 1977-இல் சேர்ந்து 1996-இல் மூடும்வரை மாமா அங்கே நெசவில் இருந்தார். நாட்டுக்கே காக்கித் துணி போட்ட இடம், மூடியபின் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்குப் போனது. எத்தனையோ படங்களில் வில்லன்களின் கூடாரம் அதுதான். இப்போது அங்கே அடுக்குமாடி எழுந்துவிட்டது. அந்தச் சுவர்களைப் பார்க்க இந்த மாதிரிப் படங்கள்தான் கதி.

ஹீரோ ஒருவனைத் தூணில் மோதினார். "அந்தத் தூண் பக்கத்துலதான் டிபன் பாக்ஸ் வெப்போம்" என்றார் மாமா. தறி ஓடும்போது பக்கத்து ஆள் பேசுவது கேட்காது, எல்லாம் கைச்சாடைதானாம். சங்கு ஊதி வெளியே வந்தபிறகும் டீக்கடையில் கத்தித்தான் பேசுவார்களாம். சம்பள நாளில் நேரே செகண்ட் ஷோ.

சண்டை முடியும்போது ஹீரோ ஒரு கதவை உதைத்துக்கொண்டு ஓடினார். அடுத்த காட்சியில் காசிமேட்டுப் படகுகளுக்கு நடுவே நின்றார்.

மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்தக் கதவு வழியா போனா கேன்டீன்தான்டா வரும்!"