தங்கைக்குத் துணையாக ஒருவர்

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மா இல்லாத வீடு. பிள்ளையைக் குளிப்பாட்டவும் அவளைக் கவனித்துக்கொள்ளவும் ஆள் தேடி மூன்று பேரிடம் பேசினோம். ஒருவர், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிச் சளி எடுப்பேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவே வரலாம். சர்க்கரைத் தண்ணீரும் கூடாது, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

மூன்றாவதாக வந்த அக்கா முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அப்புறம் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதா கண்ணு?" என்று கேட்டார். மற்ற இருவரும் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தார்கள். இவள் அழுதேவிட்டாள். பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் சோர்வும் போகாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 40 நாளுக்கு அவரையே வரச் சொல்லிவிட்டோம்.