கேட்டைத் தாண்ட மறுத்த பொன்னி

மதுரையில் தத்தனேரி மயானத்துக்குப் போகிற வழியில் வீடு இருந்தால், ஊர்வலம் எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. மேளம் வரும், பூ வரும், கூடவே சரவெடியும் வரும். எங்கள் பொன்னி நாட்டு நாய், மூன்று வயது. இதையெல்லாம் மாடியில் நின்று பார்த்தே வளர்ந்தவள். ஒரு சாயங்காலம் நடை முடிந்து திரும்பும்போது தெருமுனையில் ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. ஒதுங்குவதற்குச் சந்துகூட இல்லை. யாரோ கொளுத்திப் போட்ட சரம் எங்களுக்கு நாலடி தள்ளி வெடித்தது. அன்றைக்கு வீட்டுக்குள் போனவள், அப்புறம் கேட்டைத் தாண்டவே இல்லை.

சோம்பேறித்தனம், கொழுப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதனால் பயம் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செயினைக் கையில் எடுத்தால் வால் வயிற்றுக்கடியில் போய்விடும், காது பின்னால் மடியும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுவாள், மூக்கை நக்கிக்கொண்டே இருப்பாள். கேட் பக்கம் கூட்டிப் போனால் நாலு காலையும் ஊன்றி நின்று, கண்ணின் வெள்ளை தெரிய என்னைத் திரும்பிப் பார்ப்பாள். ஈரல் என்றால் உயிரை விடுகிறவள், மூக்கு நுனியில் வைத்தாலும் தொடமாட்டாள். பிடித்த தீனியை ஒரு நாய் தொடாமல் நிற்கிறது என்றால் பயம் தலைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் நாம் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது.

நாய் என்றதும் நிற்காமல் போகிற ஆட்டோக்களுக்கு நடுவே ஒருவரைக் கெஞ்சிப் பிடித்து, பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வெடி பயமா? இதைக் கொடுங்க" என்று ஏசிபுரோமசின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டில் கொடுத்ததும் கால் தள்ளாடிப் படுத்துவிட்டாள். ஆனால் தூங்கவில்லை. எங்கேயோ மேளச் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் விழுந்தாள். கண் முழுக்கப் பயம், ஓட மட்டும் உடம்பு கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த மாத்திரை உடம்பைத் தளர்த்திப் போடுமே தவிர பயத்தைக் குறைக்காது என்று பின்னால் வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. வெடி பயத்துக்கு அதை மட்டும் எழுதிக் கொடுத்தால், வேறு மருந்து இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, வீட்டுக்கே வந்து பழக்குகிறேன் என்ற பயிற்சியாளர். "மேடம், இது பயம் இல்ல, திமிரு. ஒரே நாள்ல சரி பண்ணிடலாம்." இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சோக் செயினை மாட்டி, நான் என்ன என்று கேட்பதற்குள் கேட்டுக்கு வெளியே இழுத்துவிட்டார். தார் ரோட்டில் நகம் தேய்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. பின்னங்கால் நகம் ஒன்று பிளந்து ரத்தம். நான் ஓடிப்போய்ச் செயினைப் பிடுங்கிக்கொண்டேன். கொடுத்த முன்பணம் திரும்பி வரவில்லை, அது போகட்டும். அதுவரை கேட்டைப் பார்த்து மட்டும் பயந்தவள், அதற்குப் பிறகு செயின் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். யாரையாவது பயிற்சிக்குக் கூப்பிடுவதாக இருந்தால் போனிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "நாய் பயந்து நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" இழுத்துக்கொண்டு போவேன், பழகிவிடும் என்று பதில் வந்தால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

பிளந்த நகத்துக்குக் கட்டுப்போடப் போன இடத்தில்தான் விடிவு கிடைத்தது. அந்த டாக்டரம்மா மேஜைமேல் ஏற்றச் சொல்லவில்லை, தானே தரையில் உட்கார்ந்தார். காது, பல், ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். முழங்காலை மடக்கியதும் பொன்னி முனகினாள். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல், தட்டணுக்கள் குறைவு. "உடம்புல வலி இருந்தா பயம் சீக்கிரம் ஒட்டிக்கும்மா. முதல்ல வலியைப் பார்ப்போம்" என்றார். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 28 நாள், சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கலாம், உணவுக்குழாயும் புண்ணாகலாம். திடீரென்று நடக்க மறுக்கும் நாயைப் பயிற்சிக்கு முன்னால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வலி குறைந்ததும் பழைய பொன்னி பாதி திரும்பி வந்தாள்.

மீதியை நாங்கள்தான் செய்தோம். செயினைச் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தோம். அதைத் தொட்டால் ஈரல், தூக்கினால் ஈரல், கொஞ்சம் ஆட்டினால் ஈரல். உப்பில்லாமல் வேகவைத்து, பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கியது. நமக்குச் செய்த குழம்பிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். கழுத்தை இறுக்குகிற எதுவும் இனி கிடையாது என்று மார்போடு பூட்டுகிற ஹார்னஸ் வாங்கினோம். அப்புறம் விடியற்காலை ஐந்து மணிக்கு, குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருவதற்கு முன்னால், கேட்டைத் திறந்து வைத்து வாசற்படியில் உட்காருவோம். எங்கேயும் போகவில்லை. அவளாக ஒரு அடி வைத்தால் சரி, திரும்ப நினைத்தால் உடனே உள்ளே. இந்தத் திரும்பும் உரிமைதான் வேலை செய்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு ஓடலாம் என்று தெரிந்த பிறகுதான் அவள் வாசலைத் தாண்டினாள்.

பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று எதிர்வீட்டு அத்தை பலமுறை எச்சரித்தார். அது உண்மையில்லை. பயம் உணர்ச்சி. ஆறுதல் சொன்னால் அது வளராது. அவள் வந்து ஒண்டினால் நான் அணைத்துக்கொள்ளத்தான் செய்தேன்.

புரியாமல் இருந்தது ஒன்றுதான். வெடியும் இல்லை, மேளமும் இல்லை, அமைதியான தெருவிலும் சில நாள் சட்டென்று உறைந்து நின்றுவிடுவாள். பூக்காரம்மாவின் கூடையைக் கண்டால் அப்படியே பின்வாங்குவாள். அந்தம்மா பாவம், தன்னைப் பிடிக்கவில்லையோ என்று வருத்தப்பட்டார். ஒருநாள் காலையில் பொன்னி உறைந்து நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். முந்தின நாள் ஊர்வலத்தில் இறைத்த செவ்வந்தியும் ரோஜா இதழும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கி ரோட்டோடு ஒட்டிக் கிடந்தன. நடுவில் கொஞ்சம் பொரி, கருகின வெடித் தாள். அதை மோந்து பார்த்துத்தான் நடுங்கினாள். வெடிச் சத்தத்தோடு சேர்ந்து அந்தப் பூ வாசமும் அவள் மனசில் பதிந்துவிட்டது!

அன்றைக்கே பூக்காரம்மாவிடம் உதிரிச் செவ்வந்தி வாங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் காசு வாங்க மறுத்துவிட்டார். முதலில் பின்கட்டில் மூலையில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றித் தூரமாக ஈரல். அடுத்தடுத்த நாள்களில் ஈரலைப் பூவுக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். கடைசியில் பூவைக் கிளறி ஈரலைத் தேடித் தின்றாள், மூக்கில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் நாய் எதைக் கண்டு நிற்கிறது என்று புரியவில்லை என்றால், அது நிற்கிற இடத்தில் குனிந்து தரையைப் பாருங்கள். நம் கண் உயரத்தில் அது தெரியாது.

சத்தத்துக்கும் இதே வழிதான். பதிவு செய்த வெடிச் சத்தத்தை மிக மெதுவாக வைத்து, கேட்டவுடன் தீனி. வரிசை முக்கியம்: முதலில் சத்தம், அப்புறம் தீனி. மாற்றிச் செய்தால் தீனியைப் பார்த்ததும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். காது விறைத்தால் ஒலியைக் குறைத்துவிட வேண்டும். செல்போனில் வெடியின் கனத்த சத்தம் சரியாக வராது, ஸ்பீக்கர் வேண்டும்.

ஆனால் நிஜ ஊர்வலம் நம் சவுகரியத்துக்கு வராதே. அதற்கு டீக்கடைத் தம்பிதான் கை கொடுத்தான். யார் வீட்டில் துக்கம், எப்போது தூக்குகிறார்கள் என்பது அவன் கடைக்குத்தான் முதலில் வரும். "அக்கா, மூணு மணிக்கு எடுக்குறாங்க, பொன்னியை உள்ள வச்சுக்கங்க" என்று போன் செய்துவிடுவான். ஜன்னலை மூடி, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, கட்டிலுக்கடியில் அவள் விரிப்பைப் போட்டுவிடுவேன். பயிற்சி நடக்கும்போது நடுவில் ஒரு பெரிய வெடி கேட்டுவிட்டால் பல வாரத்து உழைப்பு போய்விடும். அதனால் அந்தப் போன் எனக்கு மருந்துக்குச் சமம்.

இப்போது காலையில் முனை பிள்ளையார் கோயில் வரை வருகிறாள். அதற்கு மேல் மெயின் ரோடு, அங்கே வரச் சொல்லி அவளை இன்னும் கேட்கவில்லை. சாயங்கால நடை இல்லை. அவசரப்படுத்தப் போவதும் இல்லை.

தீபாவளிக்கான ஏற்பாட்டை இப்போதே ஆரம்பித்துவிட்டோம். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கியிருந்தாலும் எங்கள் பகுதியில் முந்தின நாளே வெடி கேட்கும். ஆகவே அந்த நாள்களில் நடை வீட்டுக்குள்தான், கழிப்பதற்குப் பின்கட்டு. டாக்டரம்மா பதற்றத்தைக் குறைக்கிற கபாபென்டின் மருந்து எழுதியிருக்கிறார், அளவு அவளுடைய எடைக்குப் பார்த்தது. உங்கள் நாய்க்கு உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். தீபாவளி அன்றே முதல்முறை கொடுக்காமல், அமைதியான ஒரு நாளில் கொடுத்து எப்படி இருக்கிறாள் என்று பார்க்கச் சொன்னார். கழுத்துப் பட்டையில் என் செல் நம்பர் பொறித்த வில்லை தொங்குகிறது. செயினின் ஒரு கொக்கி ஹார்னஸில், இன்னொன்று பட்டையில். பயத்தில் பின்னால் உருவிக்கொண்டு ஓடுகிற நாய்கள் அந்த வாரத்தில்தான் அதிகம் தொலைகின்றன.