வசவு எது, வெறுப்பு எது: ஒரு தேர்தலை எண்ணிப் பார்த்த எட்டு வாரம்

ஒரு தேசியத் தேர்தல் சமயத்தில், கட்சிகள் மீது இணையத்தில் கொட்டப்படும் வெறுப்பை அளக்கும் குழுவில் எட்டு வாரம் வேலை பார்த்தேன். எந்த நாடு, எந்தக் கட்சி என்று எழுத முடியாது, அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் கட்சிகளை அ, ஆ, இ, ஈ என்றே வைத்துக்கொள்வோம். வேலையைக் கொடுத்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தக் கட்சிமேல் வெறுப்பு அதிகம்? ஒரு எண்ணாகச் சொல்லுங்கள்."

முதல் நாள் காலையிலேயே மாட்டிக்கொண்டோம். "ஆ கட்சியைக் குழி தோண்டிப் புதைக்கணும்" என்று ஒரு பதிவு. ஆறு பேரில் மூன்று பேர் வெறுப்பு என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். குழுவில் இளையவன் சிரித்தான். "அக்கா, தோக்கடிக்கணும்னு சொல்றான், அவ்வளவுதான். தேர்தல்னா இப்படித்தானே பேசுவாங்க?" சரி என்று அடுத்ததற்குப் போனோம். "ஆ கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் எவனும் நாளைக்கு இந்தத் தெருவுல நடமாடக் கூடாது." ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் படித்ததும் அறை அமைதியாகிவிட்டது.

அன்று மதியமே வரையறையைத் தேட ஆரம்பித்தோம். ஐக்கிய நாடுகள் சபை 2019-இல் வெளியிட்ட வெறுப்புப் பேச்சு உத்தி, ஒருவரை அவர் யார் என்பதை வைத்துத் தாக்குவதையோ இழிவுபடுத்துவதையோ வெறுப்புப் பேச்சு என்கிறது. அங்கே மதம், இனம், தேசியம், நிறம், வம்சாவளி, பாலினம் எல்லாம் பட்டியலில் உண்டு. கட்சி இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவும் தேசிய, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. யோசித்தால் நியாயம்தான். கட்சியைத் திட்ட முடியாத இடத்தில் தேர்தல் எதற்கு?

அப்படியானால் நாங்கள் எதை எண்ண வேண்டும்? இரண்டு நாள் சண்டை போட்டு எக்செல் ஷீட்டில் இரண்டு பத்தி வைத்தோம். முதல் பத்தி, குறி யார்மேல்: கட்சி என்ற அமைப்பா, தலைவரா வேட்பாளரா, தொண்டரும் வாக்காளருமா, இல்லை அந்தக் கட்சிக்குப் பின்னால் இருப்பதாக நினைக்கப்படும் சமூகமா. இரண்டாவது பத்தி, என்ன செய்கிறது: வசவு, மனிதத் தன்மையைப் பறிக்கும் இழிவு, மிரட்டல் அல்லது தூண்டுதல். இழிவைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ருவாண்டாவில் 1994 படுகொலைக்கு முன்னும் அது நடந்தபோதும் டுட்சி மக்களைக் 'கரப்பான்பூச்சி' என்று சொல்லிக்கொண்டே இருந்தது ஒரு வானொலி. அதற்காக 'நாய்' என்று திட்டியவனை எல்லாம் அந்த வரிசையில் நிறுத்த முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தையே பூச்சி, புழு என்று எழுதிவிட்டு "மருந்து அடிக்கணும்" என்று முடிப்பவனை வெறும் வசவு என்று விடவும் முடியாது. மிரட்டலில் சந்தேகம் வந்தபோதெல்லாம், வெறுப்பைத் தூண்டும் பேச்சு பற்றி ஐ.நா. கொண்டுவந்த 2012 ராபாத் செயல்திட்டத்தின் ஆறு கேள்விகள் உதவின: சூழல், பேசுபவர், நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு பேரைச் சேர்கிறது, தீங்கு விளைய எவ்வளவு வாய்ப்பு. அது குற்றமாக்கும் அளவுக்கான உயர்ந்த வரம்பு. எங்களுக்கு அது ஒரு கைப்பிடி.

அப்புறம் ஒத்துப்போகிறோமா என்ற சோதனை. முதல் நூறு பதிவுகளை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்தார்கள். 88-இல் ஒரே பதில். பெருமையாக இருந்தது. புள்ளியியல் தெரிந்த மூத்தவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். இருவரும் வெறுப்பு என்றவை 6, இருவரும் இல்லை என்றவை 82, மீதி 12-இல் ஆளுக்கு ஒரு பக்கம், ஆறும் ஆறும். ஆக, ஆளுக்கு 12 பதிவுகளை வெறுப்பு என்றிருக்கிறார்கள். அதே கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் 79 பதிவுகளில் பதில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் பெரும்பாலானவை சாதாரணப் பதிவுகள். அந்தத் தற்செயலைக் கழித்தால், கோஹன் என்பவர் 1960-இல் சொன்ன கப்பா என்ற அளவு (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.43-தான் வருகிறது. பலர் சேர்ந்து குறிக்கும்போது பயன்படும் அதே மாதிரியான இன்னொரு அளவு, கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா. அதில் 0.8 இருந்தால் நம்பலாம், 0.667-க்குக் கீழே என்றால் தற்காலிக முடிவுகூடச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். நாங்கள் பன்னிரண்டு பதிவுகளையும் சத்தமாகப் படித்துச் சண்டை போட்டோம். பெரும்பாலும் எவ்வளவு மோசம் என்பதில் தகராறு இல்லை, யாரைச் சொல்கிறான் என்பதில்தான். இரண்டு பத்திகளையும் தனித்தனியாகக் குறிக்க ஆரம்பித்த பிறகு கடைசியில் 0.7-ஐத் தாண்டினோம். 0.8 எட்டவேயில்லை.

தரவு சேகரித்த கதை தனி. பொதுப் பதிவுகளைத் தேடி எடுக்க முன்பு ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2024 ஆகஸ்ட் 14-இல் மூடிவிட்டது. ட்விட்டர் 2023-லேயே தரவு எடுக்கும் இலவச வழியை அடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்து, கட்சிப் பக்கங்களின் கீழ் வரும் கமெண்ட்டுகளையும் கட்சிகளைக் குறிப்பிடும் பொதுப் பதிவுகளையும் எடுத்தோம். அதுவும் உடனுக்குடன். ஒரு நாள் தாமதித்தால் மோசமானவை நீக்கப்பட்டிருக்கும், எண் தானாகக் குறைந்துவிடும்.

கட்சிகளை எந்தச் சொல்லை வைத்துத் தேடுவது? வெறுப்பவன் கட்சியின் பதிவுபெற்ற பெயரை எழுத மாட்டான், பட்டப்பெயரைத்தான் எழுதுவான். ஆகப் பட்டப்பெயர்ப் பட்டியல் போட்டோம். முதல் அறிக்கையில் ஆ கட்சிதான் எங்கேயோ முன்னால் நின்றது. சந்தேகப்பட்டுப் பட்டியலைப் பார்த்தால் ஆ கட்சிக்கு நாற்பது பட்டப்பெயர், ஈ கட்சிக்கு ஒன்பது. பட்டியல் போட்டவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எந்தக் கட்சியைக் கிண்டல் செய்கிறார்களோ அது நீளமாகிவிட்டது. நாங்கள் அளந்தது எங்கள் நண்பர்களின் நகைச்சுவையை. ஒவ்வொரு கட்சியின் எதிர் முகாமிலிருந்தும் ஆள் பிடித்துப் பட்டியலைத் திரும்பப் போட ஒரு வாரம் போனது.

ஆறு பேர் லட்சக்கணக்கான பதிவுகளைப் படிக்க முடியாது, அதனால் இயந்திரம் வந்தது. நாங்கள் குறித்தவற்றை வைத்து, பதிவைப் பார்த்து வெறுப்பா இல்லையா என்று தானே பிரிக்கும் ஒரு கணினி மொழி மாதிரியைப் பழக்கினோம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன், எனவே கொஞ்சம் கணக்கு. பத்தாயிரம் பதிவில் உண்மையில் நூறுதான் வெறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வெறுப்பில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல பதிவுகளில் 5 சதவீதத்தை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. கேட்கும்போது அருமையான இயந்திரம். ஆனால் நல்ல பதிவுகள் 9,900. அதில் 5 சதவீதம் 495. உண்மையான 90-ஐச் சேர்த்தால் 585. ஒரு சதவீதமாக இருந்த வெறுப்பு கிட்டத்தட்ட ஆறு சதவீதமாகக் காட்சி தரும். இயந்திரத்தின் பிழை விகிதம் தெரிந்தால் பின்னோக்கித் திருத்தலாம். அதையும் கட்சி வாரியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பிழை எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. வெறுப்பு அவ்வளவு அரிதா என்று கேட்பவர்களுக்கு: 2017-இல் வெளிவந்த, இந்தத் துறையில் எல்லோரும் எடுத்தாளும் ஒரு தொகுப்பில், வெறுப்புச் சொற்களை வைத்தே தேடி எடுத்த சுமார் 25,000 ட்வீட்டுகளில்கூட, குறித்தவர்களில் பெரும்பான்மையோர் வெறுப்பு என்றவை 5 சதவீதம்தான். மீதியில் பெரும்பாலானவை வெறும் கெட்ட வார்த்தை.

இயந்திரம் செய்த இன்னொரு கூத்தை மறக்க முடியாது. இ கட்சியின் பெண் வேட்பாளர் ஒருவர் தனக்கு வந்த மிரட்டல்களை வரிக்கு வரி எடுத்தெழுதி "இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் தினமும் பிரச்சாரத்துக்குக் கிளம்புகிறேன்" என்று போட்டிருந்தார். அந்த வாரத்தில் அதிகமாக வெறுப்பைப் பரப்பிய கணக்குகள் என்று இயந்திரம் கொடுத்த பட்டியலில் அவர் மூன்றாவது. அதன்பின் எந்தக் கணக்கையும் மனிதர் பார்க்காமல் பட்டியலில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆறாவது வாரம் மூத்தவர் எங்களிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். முன்பு நாங்கள் குறித்த நாற்பது பதிவுகளில் கட்சிப் பெயரை மட்டும் மாற்றி, புதிய பதிவுகளோடு கலந்து கொடுத்தார். முடிவைச் சுவரில் ஒட்டவில்லை, ஆளாளுக்குத் தனியாகக் காட்டினார். என்னுடையதில் ஏழு மாறியிருந்தன. "இவனுங்க எல்லாம் மனுஷ ஜென்மமே இல்ல" என்ற வரிக்கு, இ கட்சியின் பெயர் இருந்தபோது வசவு என்று குறித்திருக்கிறேன். நான் ஓட்டுப் போட நினைத்திருந்த கட்சியின் பெயர் வந்ததும் இழிவு. நான் நடுநிலை என்று நம்பிக்கொண்டிருந்தவள்.

அதன்பின் குறிப்பவர் திரையில் கட்சிப் பெயர்களை மறைத்தோம். பட்டப்பெயர்களை மறைக்க முடியவில்லை, பல பதிவுகளில் பட்டப்பெயரேதான் வசவு. பழையதில் ஒரு பகுதியைத் திரும்பக் குறித்தோம். கடைசி வாரங்களில் ஒருவர் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிரட்டல் பதிவுகளைப் பார்க்கக் கூடாது என்றும் வைத்துக்கொண்டோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இளையவன் சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசிக் கூட்டத்தில் மூன்று அட்டவணைகள் வைத்தோம். மொத்த எண்ணிக்கையில் அ கட்சி முதலிடம், அதைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது என்பதால். கட்சியைக் குறிப்பிடும் ஆயிரம் பதிவுக்கு எத்தனை வெறுப்பு என்று பார்த்தால் ஆ கட்சியும் ஈ கட்சியும் மேலே, இரண்டின் பிழை வரம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, எது அதிகம் என்று சொல்ல முடியாது. எத்தனை தனித்தனிக் கணக்குகள் எழுதின என்று பார்த்தால் ஆ கட்சி கீழே இறங்கிவிட்டது, அதைத் திட்டியவை பெரும்பாலும் இரவு பகலாக எழுதும் சில கணக்குகள். நான்காவதாக ஒரு சின்ன அட்டவணை, குறி யார்மேல் என்பது. ஈ கட்சியைப் பற்றிய வெறுப்பில் பெரும்பகுதி கட்சியைத் தொடவே இல்லை, நேராகச் சமூகத்தின்மேல் விழுந்திருந்தது. என்னைக் கேட்டால் எட்டு வார உழைப்பில் அந்த ஒரு பக்கம் போதும்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "சரி, அப்போ முதலிடம் யார்?" என்றார். மூத்தவர் முதல் அட்டவணைக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆரம்பித்தார்.