விக்கி பக்கத்தை மெயிலில் அனுப்ப

கான்ஃப்ளூயன்ஸ் என்ற ஆபீஸ் விக்கி சாஃப்ட்வேரைச் சொந்த சர்வரில் ஓட்டும் சென்னை ஓ.எம்.ஆர். ஆபீஸ்களுக்கு: பக்கத்தை அப்படியே மெயிலில் அனுப்பும் பிளகின் (துணை நிரல்) கூடவே வருகிறது, ஆனால் அணைத்த நிலையில். அட்மின் பகுதியில் 'மேனேஜ் ஆப்ஸ்' போய், பட்டியலை 'சிஸ்டம்' என்று மாற்றினால்தான் 'மெயில் பேஜ்' கண்ணில் படும். 'எனேபிள்' அழுத்தினால் போதும்.

மெயில் போகவில்லையா? பிளகினைத் திட்டாதீர்கள். முதலில் எஸ்எம்டிபி (மெயிலை வெளியே அனுப்பும் சர்வர்) அமைப்பில் டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்கள். போர்ட் எண் 587 என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) கேட்கும். ஃபயர்வால் அந்த போர்ட்டை மூடியிருந்தால் எல்லாம் எரர் கியூவில் (போகாத மெயில்களின் வரிசையில்) தேங்கிக் கிடக்கும். மெயில் வந்து, லிங்க் மட்டும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று காட்டினால் பேஸ் யூஆர்எல் (கான்ஃப்ளூயன்ஸில் பதிந்து வைத்த தள முகவரி) தப்பு.

மெயிலில் போன பக்கத்தை விக்கி பர்மிஷன் கட்டுப்படுத்தாது. சம்பள விவரம் கிடக்கிற விக்கியில் நான் இதைத் திறந்துவிட மாட்டேன்.