மகன் ஓடிப் பழகும் ஆடி

ஜூலை 20, 2025, ஞாயிறு

விடியற்காலை ஐந்தேகாலுக்கு பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம்) வாய்க்கால் கரையில் நின்றேன், கையில் மகனின் கைபேசி. மதகிலிருந்து வேப்பமரம் வரை போய்த் திரும்பினால் 1.6 கிலோமீட்டர். இன்று 5 நிமிடம் 52 விநாடி. ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழுதாக 60 மதிப்பெண். கம்பியில் தொங்கிப் பத்து முறை உடம்பைத் தூக்கினால் இன்னும் 40. நான்கு வருடப் பட்டாள வேலையான அக்னிவீருக்கு எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது, இனி மைதானம்தான்.

காங்கேயத்தில் வேலைக்கா பஞ்சம்? எண்ணெய் மில் இருக்கிறது, அரிசி ஆலை இருக்கிறது, பஸ் ஏறினால் திருப்பூர் பனியன் கம்பெனி. நான் கணக்கெழுதும் தேங்காய்க் களத்தில் உள்ளூர் ஆள் கிடைக்காமல் பீகார், ஒடிசாப் பையன்கள்தான் பருப்பைக் காயப்போடுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு என்றால் எனக்கும் புரியும். "எதற்குக் கண்ணு இது?" என்று கேட்டால் "சும்மாதான் அம்மா" என்கிறான். சும்மா யாராவது துப்பாக்கி தூக்குவார்களா?

ஜூலை 23, புதன்

பெரியப்பா மகன் அண்ணனைப் பார்க்கப் போனேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு மில் வாசலில் காவல் வேலை. வேலை மாறினாலும் மீசை மட்டும் மாறவில்லை.

"நீங்கள் எதற்கு அண்ணா பட்டாளத்துக்குப் போனீர்கள்?"

"கிணறு வற்றிப்போனது. இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள்."

"அப்படியானால் நாடு?"

"வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு அதுவும் வந்தது" என்று சிரித்தார். 1758இல் தொடங்கிய படை என்று அங்கே சொல்லிக்கொடுத்தபோதுதான் தமக்கும் ஒரு பாட்டன் வரிசை கிடைத்ததுபோல் இருந்ததாம்.

மலையுச்சியில் காவல் நின்ற இரவுகளைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்தில் நின்றவன் நாகர்கோவில்காரன். நான் பின்னால் ஓர் அடி வைத்தால் அவன் பார்த்துவிடுவான். குண்டுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை, அவன் கண்ணுக்குத்தான் பயந்தேன்" என்றார். எதிரியின் மேல் கோபம் இருந்ததா என்றதற்கு, "குளிரில் கோபமெல்லாம் நிற்காது அம்மிணி" என்றார்.

கிளம்பும்போது "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று அந்தப் போர் முழக்கத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிக் காட்டினார். மடியில் இருந்த பேத்தி கை தட்டியது.

ஜூலை 26, சனி

மகனுக்குக் கெண்டைக்காலில் வலி. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது ஒக்கூர் மாசாத்தியார் நினைவுக்கு வந்தார். தமிழ் இலக்கியம் படித்ததால் வந்த வினை.

புறநானூறு 279. முந்தாநாள் போரில் யானையை வீழ்த்தித் தகப்பன் செத்தான். நேற்று ஆநிரைக்காக நடந்த சண்டையில் கணவன் செத்தான். இன்று பறை கேட்டதும் அவள் இருக்கிற ஒரே மகனைக் கூப்பிட்டு, வெள்ளாடை உடுத்தி, பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போ என்கிறாள். கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். அன்றைக்கு உடம்பு புல்லரித்தது. இன்று கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: அந்தப் பையன் ஏதாவது சொன்னானா? பாட்டில் அவனுக்கு ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த வீட்டுக்காரி பார்க்க, ஊர் பார்க்க அனுப்பினாளோ என்னவோ. "கெடுக சிந்தை", இவள் நினைப்பு கெட்டொழிக, என்று தொடங்குகிறது பாட்டு. அதைப் புகழ்ச்சி என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். எண்ணெய்க் கையோடு நினைத்துப் பார்த்தால் வசவு மாதிரியும் கேட்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

களத்து முதலாளியின் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் ஒரு புலிகுத்திக்கல் சாய்ந்து கிடக்கிறது. மாட்டுப் பட்டியில் பாய்ந்த புலியைக் குத்திச் செத்தவனுக்கு நட்டது. கொங்கு நாட்டில் இப்படி நிறையக் கல் உண்டு. மாடுதான் சொத்து என்பதால் மாட்டைக் காத்தவன் சாமியாகிவிட்டான். இந்தக் கல்லில் புலி நிமிர்ந்து நிற்கிறது. ஆள் அதன் வயிற்றில் ஈட்டியைச் செருகிக்கொண்டிருக்கிறான். முகம் தேய்ந்து மூக்குகூட மிஞ்சவில்லை. ஆனால் இடுப்புக் கச்சையின் மடிப்பைச் சிற்பி ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறான்.

சண்டையில் செத்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை உதிரப்பட்டி என்கின்றன கல்வெட்டுகள். ஆக வீரத்துக்குப் பின்னால் வீட்டுக்கணக்கும் அன்றே இருந்திருக்கிறது. இன்று அக்னிவீருக்கு 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு. முதல் வருடம் மாதம் 30,000 சம்பளம், அதில் 30 சதவீதம் பிடித்தம். நான்கு வருடம் கழித்து நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். கணக்கெழுதுகிறவள் ஆயிற்றே, மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

1805இல் இதே தேதியில்தான் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். மகன் அவர் படத்தைக் கைபேசியில் வைத்திருக்கிறான். அவருக்கு இழக்க மண் இருந்தது, வெள்ளைக்காரக் கும்பினியின் மேல் கோபமும் இருந்தது. அவரைப் பிடிக்க அலைந்த கும்பினியின் மதராஸ் படையிலோ தமிழ் பேசும் சிப்பாய்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மாதச் சம்பளம். அவர்கள் வீட்டுக் கிணறும் வற்றியிருக்குமோ?

ராத்திரி சாப்பிடும்போது "சும்மா"வின் அர்த்தம் தானாக வந்தது. தைப்பூசத்தில் சிவன்மலைத் தேர் இழுக்கப் போனபோது, இவனோடு பிளஸ் டூ படித்தவன் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தானாம். ஒட்ட வெட்டிய முடி. பெரியவர்களே அவனுக்கு வடத்தில் இடம் விட்டார்களாம். இவனைப் பார்த்து என் கொழுந்தனார், "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். "ஒன்றும் சொல்ல வரவில்லை அம்மா" என்றான். ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனேன். அழுதது தெரிய வேண்டாம் என்றுதான்.

பொன்னர் சங்கர் கதையை நடத்திக் காட்டும் அண்ணன்மார் கோயில் படுகளம் ஞாபகம் வந்தது. உடுக்கை அடித்துக் கதை சண்டைக்கு வரும்போது வாலிபர்கள் அருள் வந்து ஒவ்வொருவராக விழுவார்கள். அண்ணன்மாரின் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை பிணமாகவே கிடப்பார்கள். சிறு வயதில் ஒரு வருடம் என் தம்பிக்கு மட்டும் அருள் வரவில்லை. கூட்டாளிகள் எல்லாரும் கிடக்க, அவன் ஒருவன் நின்றுகொண்டே அழுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஓடாநிலையில் சின்னமலைக்கு மாலை போடக் கொடி கட்டிய வண்டிகள் விடியும் முன்பே போகத் தொடங்கிவிட்டன. நாங்கள் வாய்க்கால் கரையில்.

நன்றாகவே ஓடினான். கடைசி நூறு மீட்டரில் வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க வந்தான். மதகைத் தாண்டியது தெரிந்தது. என் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது.

"எவ்வளவு அம்மா?"

"5 நிமிடம் 36" என்றேன்.

முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி, "இன்னும் ஆறு விநாடி" என்றான். மறுபடியும் ஓட மதகுக்கு நடந்தான்.