மேக்னட்டை லேத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி

டிராக் பக்கம் புதுசா வர பசங்க அடிக்கடி கேக்கற கேள்வி, "அண்ணா, ஆர்15 மேக்னட்டை டர்னிங் போட்டா எவ்ளோ பவர் ஏறும்?" ஆர்15 யமஹாவோட ஸ்போர்ட்ஸ் பைக். மேக்னட்ங்கறது கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) நுனியில மாட்டியிருக்கற, உள்ள காந்தம் ஒட்டின கனமான இரும்புச் சக்கரம், டர்னிங்னா அதை லேத்துல சுரண்டி வெயிட்டைக் குறைக்கறது. பவர் ஒண்ணும் ஏறாது தம்பி. பெட்ரோலை எரிச்சு இன்ஜின் குடுக்கற பவர் அதேதான், அதுல ஒரு பங்கு கிராங்க், மேக்னட், கிளட்ச்னு தன்னோட சொந்த சாமான்களையே வேகமா சுத்த வைக்கறதுக்குப் போகுது, அந்த பங்கைத்தான் நாம குறைக்கறோம், அதுவும் ஆர்பிஎம் ஏறிட்டு இருக்கும்போது மட்டும்தான். ஒரே ஆர்பிஎம்ல போயிட்டு இருக்கற வண்டிக்கு மேக்னட் என்ன வெயிட்டா இருந்தாலும் ஒண்ணுதான்.

உடனே டைனோ (வண்டியோட பவரை அளக்கற மெஷின்) சார்ட்டைத் தூக்கிட்டு வருவாங்க. டிரம்மை இழுத்து ஸ்பீடு ஏத்தற டைனோன்னா, இன்ஜினுக்குள்ள மிச்சமான பவர் டிரம்முக்குப் போயிடும், கோடு கொஞ்சம் மேல தெரியும். அதே வண்டியை, லோடு போட்டு ஆர்பிஎம்மைப் புடிச்சு வச்சு அளக்கற டைனோல ஏத்துங்க, கோடு பழைய கோட்டு மேலயே போய் உக்காந்துக்கும்.

சரி, அப்போ என்னதான் லாபம்? கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. மேக்னட்ல சென்டர்லேர்ந்து 50 மிமீ தள்ளி 300 கிராம் எடுத்தாச்சுன்னு வைங்க. 150 சிசி சிங்கிள் சிலிண்டர் வண்டில பிரைமரி (கிராங்க்லேர்ந்து கிளட்ச்சுக்குப் போற கியர்), கியர் பாக்ஸ், செயின் எல்லாம் சேத்து ஃபர்ஸ்ட் கியர்ல கிராங்க் 25 சுத்து சுத்தினா பின் வீல் ஒரு சுத்து, டயர் ரேடியஸ் சுமார் 29 செமீ. இதையெல்லாம் போட்டுப் பாத்தா ஃபர்ஸ்ட் கியர்ல அந்த 300 கிராம், வண்டிலேர்ந்து அஞ்சரை கிலோவைக் கழட்டிப் போட்டதுக்கு சமம். கேக்க சூப்பரா இருக்கா? தேர்டுக்கு வாங்க, அந்த 25 சுத்துங்கற ரேஷியோ 12 கிட்ட வந்துடும், லாபம் 1.3 கிலோ. சிக்ஸ்த்ல வெறும் அரை கிலோ. ரேஷியோ பாதியானா லாபம் கால் ஆயிடும், அதான் விஷயம். சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஒரு லேப் 3.7 கிலோமீட்டர், அதுல ஸ்டார்ட்டைத் தவிர ஃபர்ஸ்ட் கியரை யார் தொடறாங்க? நின்ன இடத்துலேர்ந்து நேர் கோட்டுல பறக்கற டிராக் (drag) ரேஸுக்குப் போறவனுக்கு இது நல்ல வேலை, சர்க்யூட்ல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டறவனுக்கு ஒரு லிட்டர் சொச்சம் பெட்ரோல் கம்மியா ஊத்திட்டுப் போற மாதிரிதான்.

எங்கேர்ந்து எடுக்கறோம்கறதும் முக்கியம். 60 மிமீல எடுக்கற 100 கிராமும் 30 மிமீல எடுக்கற 400 கிராமும் ஒண்ணு. அதனால நடுவுல ஓட்டை போடறது வெட்டி வேலை, விளிம்புல ஒரு சுத்து எடுத்தாலே போதும். கிளட்ச் ஹவுசிங்கைக் குடைஞ்சு குடைஞ்சு சல்லடை ஆக்கி போட்டோ போடறாங்களே, அது இன்னும் வேஸ்ட். ஆர்15ல கிராங்க் மூணு சுத்து சுத்தினாதான் கிளட்ச் ஒரு சுத்து, அதனால பலன் ஒன்பதுல ஒரு பங்கு. கிளட்ச்ல 300 கிராம் எடுக்கறதுக்கு பதிலா அதே தூரத்துல மேக்னட்ல 33 கிராம் எடுத்தா முடிஞ்சது. அந்தக் காசை டயர்ல போடுங்க, நான் சொல்றேன்.

செல்ஃப் ஸ்டார்ட்டைக் கழட்டறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். மோட்டாரும் ஸ்டார்ட்டர் கியரும் இன்ஜின் ஓடும்போது சுத்தறதே இல்ல, அது சும்மா கெடக்கற வெயிட். மேக்னட்டுக்குப் பின்னாடி போல்ட்ல புடிச்சிருக்கற ஒன்வே கிளட்ச் (ஒரு பக்கம் சுத்தினா மட்டும் புடிக்கறது)தான் கிராங்க்கோட சேந்து சுத்தும். லேத்துக்கே போகாம கொறைக்கக்கூடிய வெயிட் அதுதான். ஆனா அதுக்கப்பறம் பிட்ல தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும், தள்ளறதுக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கணும்.

லேத்துக்குத்தான் போறதுன்னா மேக்னட்டைக் கையில வச்சுத் திருப்பி நல்லா பாருங்க. எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) வண்டில வெளிப்பக்கம் மேடு மேடா பல்லு இருக்கும், பிக்கப் காயில் அதைப் பாத்துதான் கிராங்க் எந்த இடத்துல இருக்குன்னு ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டருக்கு) சொல்லும். அதைச் சுரண்டினா கேப் அதிகமாகி சிக்னல் வீக் ஆகும், வண்டி ஸ்டார்ட் ஆகவே அடம் புடிக்கும். உள்ள ஒட்டியிருக்கற காந்தத்துக்குப் பின்னாடி இருக்கற இரும்பு ஓடு சும்மா தாங்கறதுக்கு மட்டும் இல்ல, காந்த சக்தி திரும்பி வர வழியே அதுதான், அதை ரொம்ப மெலிசாக்கினா சார்ஜிங் விழும், ஃபியூவல் பம்பு வேற பேட்டரியை உறிஞ்சிட்டு இருக்கும். எங்க லேத்துக்காரர் எப்பவும் சொல்றது, "தம்பி, எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, கொஞ்சமா எடுப்போம்."

பேலன்ஸ் பண்ணாம மாட்டவே மாட்டாதீங்க. 11,000 ஆர்பிஎம்ல 60 மிமீ தள்ளி வெறும் 1 கிராம் ஒரு பக்கமா அதிகமா இருந்தா அது கிட்டத்தட்ட 8 கிலோ கனத்துல இழுக்கும், ஒவ்வொரு சுத்துக்கும், கிராங்க் பேரிங் மேல. ஹேண்ட் டிரில்லை வச்சு கண்ணால அளந்து ஓட்டை போட்ட மேக்னட் இருக்கற வண்டி பின்னாடி நான் நிக்கக்கூட மாட்டேன், வெடிச்சா கவரைக் கிழிச்சுட்டு வந்து காலைத்தான் பாக்கும். கிராங்க் வெப்ல (கிராங்க்கோட ரெண்டு பக்கமும் இருக்கற கனமான தட்டுல) கை வைக்கறது அதைவிட பெரிய வேலை, கவுன்டர் வெயிட்டும், பேலன்சர் ஷாஃப்ட் இருந்தா அதுவும், பிஸ்டன் வெயிட்டுக்கு ஏத்த மாதிரி கணக்கு பண்ணி வச்சது, அதை சைட் ஸ்டாண்ட் வெட்டற மாதிரி வெட்டக் கூடாது.

இவ்ளோ சொன்னப்பறமும் என் டிராக் வண்டில லைட் பண்ண மேக்னட்தான் இருக்கு. லேப் டைமுக்காக இல்ல, ஃபீலுக்காக. டவுன் ஷிஃப்ட்ல சின்னதா ஒரு பிளிப் (திராட்டிலை ஒரு நொடி திருகறது) குடுத்தா டக்குனு ஆர்பிஎம் மேட்ச் ஆகுது, பின் வீல் தத்தறது குறைஞ்சிருக்கு, கார்னர்லேர்ந்து கார்னருக்குப் படுக்கும்போதும் வண்டி கொஞ்சம் லேசா திரும்பற மாதிரி இருக்கு. கெட்டதும் இருக்கு, திராட்டில் மூடினா ஆர்பிஎம் சடார்னு விழுது, கார்னர் நடுவுல கை லேசா ஆடினாலும் வண்டி துள்ளுது, ஸ்டார்ட் லைன்ல கிளட்ச் விடறது நொண்டி அடிச்சா ஆஃப். கேடிஎம் 390 மாதிரி பெரிய சிங்கிள் சிலிண்டர்ல கீழ் ஆர்பிஎம்லயே ஏற்கனவே டக் டக்னு அடிக்கும், அதுல இதைப் பண்ண எனக்கு மனசு வரல.

ஃபேக்டரி டீமுக்கே இதுல கை நழுவியிருக்கு. 2016ல இங்கிலாந்து சில்வர்ஸ்டோன்ல ஜெயிச்ச சுசுகி, 2017 மோட்டோஜிபிக்கு (உலக லெவல் பைக் ரேஸ்) கிராங்க் இனர்ஷியாவை, அதாவது கிராங்க் சுத்தற வேகத்தை மாத்த எவ்ளோ எதிர்க்கணும்கறதை, தப்பா தேர்ந்தெடுத்துட்டு, சீசன் நடுவுல இன்ஜினை மாத்த ரூல் விடாததால வருஷம் பூரா ஒரு போடியம்கூட இல்லாம ஓட்டினாங்க. லேசா கனமாங்கறதைவிட, அந்த வண்டிக்கும் ஓட்டறவனுக்கும் எவ்ளோ சரிங்கறதுதான் கேள்வி.

மாட்டும்போது ஒண்ணு. கிராங்க் டேப்பரையும் (மேக்னட் உக்கார்ற கூம்பு நுனி) மேக்னட் உள்பக்கத்தையும் எண்ணெய் பிசுக்கு இல்லாம துடைச்சுட்டு, நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு மேனுவல்ல போட்ட அளவுக்கு டைட் பண்ணுங்க. மேக்னட்டைப் புடிச்சு வச்சிருக்கறது அந்த டேப்பர்தான், கீ வெறும் டைமிங் காட்டறதுக்கு. ரேஸுக்குப் போறவங்க முதல்ல உங்க கிளாஸ் ரூல் புக்கைப் பாத்துடுங்க, ஸ்டாக் கிளாஸ்னா ஸ்க்ரூட்டினில (ரேஸ்காரங்க வண்டியை செக் பண்றதுல) கவரைக் கழட்டச் சொன்னா அங்கயே கதை முடிஞ்சுடும்.