கவனம் தேவை

அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் தமிழாசிரியராக வேலை பார்த்தபின், ஒரு மாணவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டபோது எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்த அவனுக்குக் கற்றல் குறைபாடு உண்டா என்று சோதித்துப் பார்ப்பதற்காக மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தோம். அங்கிருந்த உளவியலாளர் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. அவன் எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறான், வாசித்தால் புரியாதது காதால் கேட்டால் புரிகிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுத மற்றவர்களைவிட எவ்வளவு நேரம் கூடுதலாக ஆகிறது என்றெல்லாம் கேட்டிருந்தார். மூன்று ஆண்டுகளாக அவனுடைய கட்டுரை ஏட்டில் நான் சிவப்பு மையால் எழுதி வந்ததோ 'கவனம் தேவை' என்ற இரண்டே சொற்கள்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் அவன் எங்கள் கண்ணில் படாமலே மேலே வந்துவிட்டான். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பான். செய்யுள் பகுதியை மட்டும் பிசிறில்லாமல் வாசிப்பான். ஒரு நாள் அவன் பின்னால் நின்றபோதுதான், புத்தகத்தில் திறந்திருந்தது வேறு பக்கம் என்பதைப் பார்த்தேன். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். சோதனைக்கு அனுப்பலாம் என்று தலைமையாசிரியரிடம் பேசியது அதற்குப் பிறகுதான்.

அந்த ஒரு பக்கத்துக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பழைய ஏடுகளை எல்லாம் விரித்து வைத்துக்கொண்டு தவறுகளை வகை பிரித்தேன். ல, ள, ழ மயக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அது ஊருக்கே பொதுவானது. ஆனால் 'மக்கள்' எல்லா இடத்திலும் 'மகள்' ஆகியிருந்தது. 'பட்டம்' 'படம்' ஆகியிருந்தது. 'தோட்டம்' என்பதை 'தேட்டம்' என்று எழுதியிருந்தான், வாசிக்கச் சொன்னாலும் அப்படியே வாசித்தான். ஒகர ஓகார உயிர்மெய்களில் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம், கால் வலப்பக்கம். ஒலிக்கும்போது மெய் முதலில் வருகிறது, உயிர் பிறகு. நமக்கு இது பழகிப்போனதால் விசித்திரமாகத் தெரிவதில்லை. 'கௌதாரி'யை அவன் 'கெளதாரி' என்று வாசித்தபோது அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஔகாரக் குறியின் வலப்பாதிக்கும் ளகரத்துக்கும் கண்ணுக்கு வேறுபாடே கிடையாது. 1978இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றை ஒழுங்குசெய்ததே தவிர இதைத் தொடவில்லை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறொன்று. ஒரே பக்கத்தில் 'தொழிலாளி' என்ற சொல்லை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்துவிட்டு, நான்காவதாக 'வேலை செய்பவர்' என்று எழுதியிருந்தான். கவனமில்லாத பையன் அத்தனை பாடுபட்டிருக்க மாட்டான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளைத்தான் சொன்னது; அவற்றில் இது இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோதுதான் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பெயரில் இதுவும் இடம்பெற்றது. சோதிக்கும் முறையை 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல் வகுத்தது. எட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கே சான்றிதழ், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை, 18இல் பெறுவது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பது அதன் ஏற்பாடு. எட்டு வயதில் போயிருக்க வேண்டியவன் பதினான்கு வயதில் போனான்.

அவனுடைய அம்மா பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்ப்பவர். முதல் நாள் கண்ணும் காதும் சோதித்தார்கள், இரண்டிலும் குறையில்லை. இரண்டாம் முறை போனபோது உளவியலாளர் விடுப்பு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பே ஒரு போன் செய்து சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் முறை காலையிலிருந்து மாலை வரை ஆயிற்று. மூன்று நாள் சம்பளம் போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மூளை சரியில்லைன்னு எழுதிருவாங்களாங்க சார்?" என்று மட்டும் கேட்டார். அப்படி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே முதலில் நுண்ணறிவுச் சோதனை வைக்கிறார்கள், அறிவில் குறை இல்லாமல் வாசிப்பில் மட்டும் குறை இருந்தால்தான் இந்தப் பெயரே வரும் என்று விளக்கினேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அதை மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆசிரியர், மொழிப்பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் கேட்டுத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்தோம். அவன் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழை வைத்துக்கொண்டான். ஆசிரியர் அறையில் ஒருவர், இனி ஆளாளுக்கு இப்படி ஒரு காகிதம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றார். ஒரு காகிதத்துக்கு எத்தனை நாள் ஆகிறது என்பதைச் சொன்னேன். எனக்கிருந்த குறை வேறு. காகிதம் தேர்வு அறைக்குத்தான் உதவும். அவனுக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டிய சிறப்பாசிரியருக்கோ வட்டாரத்தில் பல பள்ளிகள்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன், பழகிக்கொள்ளட்டும் என்று அவன் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். நூலகத்தின் பயன் பற்றிய கட்டுரை. வழக்கமாக எட்டு வரியோடு நிறுத்துபவன் அன்று நான்கு பக்கம் சொன்னான், இடையில் இரண்டு குறளும். மூன்றாம் பக்கத்தில் என் கை வலித்து எழுத்து கோணத் தொடங்கியது. அவன் தாளை எட்டிப் பார்த்தான்.

"ஒற்று மிகுமா மிகாதான்னு மட்டும் நீங்களே பாத்துக்குங்க ஐயா," என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டான்.